பறவை கட்டாயம் வரும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை தருகிறேன். நல்லபடி முடியும் என்று மட்டும் வாக்குக் கேட்காதீர்கள். வாக்குக் கொடுத்து ஒருத்தியைக் கெடுத்தவள் நான்.

1

இது கதையாகப் பிறக்கவில்லை, அட்டையாகப் பிறந்தது. ஈக்வடாரின் மேகக்காட்டில், பேருந்து நிற்கும் இடத்தில், வாழைக்காய் உருண்டையும் காப்பியும் விற்கிறேன். இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தினமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்களை எழுதிச் சுவரில் மாட்டினேன். ரப்பர் பூட்ஸ் கொண்டுவாருங்கள். மழைச்சட்டையை வெயில் அடிக்கும்போதே கையில் வையுங்கள். பெரிய நோட்டை நீட்டாதீர்கள், எவரிடமும் சில்லறை இருக்காது. ஏழாவது: 'தெல்ஃபீனாவின் காட்டில் காலை ஆறரைக்குப் பறவை கட்டாயம் வரும்.'

'கட்டாயம்' என்று எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரி குட்டையாகத் தெரிந்தது, நிரப்பினேன்.

இப்போது ஊர்ச் சபை புது அட்டை கேட்கிறது. ஆறு வரை எழுதிவிட்டேன். ஏழில் பேனா நின்றுவிட்டது.

2

(முதல் தொடக்கம்: "காட்டோரம் ஒரு விதவை..." அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கினால் இப்போதே கண்ணைத் துடைக்கத் தயாராவீர்கள். அவள் அழுகிற ரகமில்லை.)

தெல்ஃபீனா, வாலே இல்லாமல் தரையில் தத்தித் திரியும் ஒரு கூச்சப் பறவையை எட்டு மாதம் மண்புழு வீசி வீசிப் பழக்கினாள். அதற்குக் கோர்தா, அதாவது குண்டம்மா என்று பெயர் வைத்தாள். "வாடி கோர்தா, வாடி என் தங்கம்" என்று அவள் கூப்பிட்டால் புதரிலிருந்து வரும். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள்.

காட்டில் பாதி அவள் கொழுந்தன் மெல்ச்சோருடையது. வெட்டி மேய்ச்சல் நிலமாக்க நினைத்தவன் அவன். "ஆளுங்க வர்ற வரைக்கும் ரம்பத்தைத் தொடமாட்டேன் அண்ணி. நின்னு போச்சுன்னா மாட்டை விட்டுருவேன்" என்றிருந்தான்.

3

ஓட்டோ என்ற வெளிநாட்டுக் கிழவர் கோர்தாவுக்காக மூன்று காலை காத்திருந்தார். மூட்டுவலிக்காரர். மதியப் பேருந்தில் கிளம்பவேண்டும்.

"அடைகாக்குதுங்க. இப்ப வராது" என்றாள் தெல்ஃபீனா.

அவர் கைப்பேசியில் என் அட்டையின் படத்தைக் காட்டினார். "கட்டாயம்னு போட்டிருக்கே, சென்யோரா." அடுத்ததாக, அதே இனப் பறவையின் குரல் பதிவையும் காட்டினார். "ஒரே ஒரு தடவை போடட்டுமா?"

அவளுக்குத் தெரியும். கூட்டில் முட்டை இருக்கும்போது வேறொரு பறவை குரல் கொடுத்தால், தன் இடத்தைப் பிடிக்க வந்தவள் என்று நினைத்துக் கோர்தா சண்டைக்கு வருவாள். தெரிந்தும், ஒருவர் ஏமாந்து திரும்பினால் பத்துப் பேரிடம் சொல்வாரே, மெல்ச்சோர் காதில் விழுமே என்று பயந்தாள். "ஒரே தடவை" என்றாள்.

ஒன்பது தடவையானது. கோர்தா இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து, கைப்பேசி கிடந்த கல்லையே சுற்றிச் சுற்றித் தேடினாள். ஓட்டோ அழுதார், தெல்ஃபீனாவின் கைகளை முத்தமிட்டார்.*

* அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகியிருக்கும். ஆனால் அவர் நல்ல மனிதர். போகும்போது என்னிடமும் நன்றி சொன்னார்.

அவர் நாலு பேரிடம் சொன்னார். அவர்கள் நாலு கைப்பேசியோடு வந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்த அனுமதியை அடுத்தவருக்கு மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. மாதம் முடிவதற்குள் அடை கலைந்து முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. கோர்தாவைக் காணோம். ஆட்கள் வருவதும் நின்றது.

4

மெல்ச்சோர் ரம்பத்தோடுதான் வந்தான்.

"அண்ணி, சாப்பிட்டாச்சா?"

"ரம்பத்தைத் தூக்கிட்டு வந்து சாப்பாடா கேக்குற?"

"நாலு வாரமா ஒருத்தனும் இறங்கலை."

"இன்னும் ஒரு மாசம் குடு தம்பி. வந்துருவா."

"ஒன் குண்டம்மா புழு தின்னு பெருத்தா. என் மாட்டுக்குப் புல்லு யாரு தருவா?"

"மாட்டைப் பாக்க எவன்டா கடல் தாண்டி வருவான்?"

"எவனும் வரவேணாம் அண்ணி. அதுதான் நிம்மதி" என்று சொல்லி ரம்ப மோட்டாரின் கயிற்றை இழுத்தான். மூன்று நாளில் அவன் பாதி மொட்டையானது. கூடு இருந்தது அந்தப் பாதியில்தான்.

(இங்கே மரங்கள் விழுந்ததை விவரித்து ஒரு பத்தி, "முதலில் சாய்ந்தது..." வேண்டாம்.)

5

முடிவு ஒன்று: அடுத்த மழைக்கு, மிச்சமிருக்கும் பாதியில் கோர்தாவின் குரல் கேட்கிறது. முடிவு இரண்டு: தெல்ஃபீனா தன் பாதியையும் விற்றுவிட்டு மகளிடம் போய்விடுகிறாள். இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் மண் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதலாவதைப் போடட்டுமா தெல்ஃபீனா? பறவை திரும்பி வந்துச்சுன்னு?"

அவள் நிமிரவில்லை. "போடாதே அக்கா. அதையும் நம்பி நாலு பேர் வருவாங்க."

அதனால் இரண்டையும் கிழித்தேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. எழுதி மட்டும் வைக்காதீர்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் குழந்தைகள் கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்திலேயே இருக்கட்டும்.