மூடி வைத்த வண்டி

வண்டி என்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் ஸ்வர்ணலதா என்று என் பெயர்தான் இருக்கிறது. லைசென்சில் இருப்பதும் என் முகம்தான். அப்படியிருந்தும் ஒன்றரை வருடமாக, தெருமுனையில் சக்கரவர்த்தியின் தலை தெரிந்தால் போதும், என் புருஷன் ராஜ்குமார் தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிப்போய் அதன் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுவார்.

சக்கரவர்த்தி ஒன்றும் போலீஸ் இல்லை. எங்களுக்குத் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்கும் முதலாளி பரசுராமனின் குமாஸ்தா. தறியில் வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வருவார். ஆனால் தறியை ஒரு பார்வை பார்த்தால் வீட்டை ஒன்பது பார்வை பார்ப்பார். புதிதாக ஒரு மிக்சி வந்திருந்தால்கூட அது முதலாளி காதுக்குப் போய்விடும். அப்புறம் கூலி ஏற்றிக் கேட்டால், "நல்லாத்தானய்யா இருக்கறீங்க" என்று பதில் வரும். அதனால் ஆரணியில் எங்கள் தெருவே நல்ல பொருளை எல்லாம் ஒளித்து வைக்கும் தெரு. பக்கத்து வீட்டு ஜெயக்குமாரண்ணன் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் அரிசி மூட்டையை அடுக்கி வைத்திருக்கிறார். தண்ணீர் பாட்டில் எடுக்க அவர் பெண்டாட்டி தினமும் மூட்டையை நகர்த்துகிறாள்.

எனக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். ராஜ்குமாரிடம் சொன்னால், "ஊரோட ஒத்துப் போ சொர்ணா" என்பார். நல்ல மனுஷன்தான். பயம்தான் கொஞ்சம் அதிகம்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கப் பழைய காலத்து வண்டி போல இருக்கும். உருண்டை விளக்கு, பச்சை டேங்க், பளபளவென்று சைலன்சர். ஒரே சிலிண்டர். ஸ்கூட்டர் மாதிரி கீச்சுக்குரலில் கத்தாது. நிதானமாக, ஒவ்வொரு அடியாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிற பெரிய மனுஷன் மாதிரி ஓடும். "பொம்பளைக்கு ஸ்கூட்டி போதாதா" என்று கேட்காத வாய் இந்தத் தெருவில் இல்லை. வாங்கின முதல் வாரம் மார்க்கெட் எதிரில் திரும்பும்போது கீழே போட்டுவிட்டேன். நாலு ஆண்கள் டீ கிளாசோடு நின்று சிரித்தார்கள். ஒருத்தன்கூடக் கை கொடுக்க வரவில்லை. நான் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, காலால் தரையை உதைத்துத் தூக்கி நிறுத்தினேன். பதினாறு வருடம் தறி மிதித்த கால். இருநூறு கிலோ அதற்கு ஒரு பாரமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படவேட்டுப் பக்கம் போவோம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். அந்த ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை நான் என்று தோன்றும். வேறு எதிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இந்த ஆடியில் எங்கள் தெருவிலிருந்து ராஜ்குமாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் முதலாளியிடம் கூலி ஏற்றிக் கேட்கப் போனார்கள். பன்னிரண்டும் ஆண்கள். என் தறியில் நான் நெய்யும் புடவையும் ராஜ்குமார் பெயரில்தான் போகும், அதனால் எனக்கு அங்கே வேலை இல்லையாம். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். பரசுராமன் செல்போனில் ஒரு படம் காட்டினாராம். படவேட்டு ரோட்டு டீக்கடையில் எங்கள் வண்டி நிற்கிறது. ராஜ்குமார் அதன் மேல் சாய்ந்துகொண்டு பஜ்ஜி தின்கிறார். சக்கரவர்த்தி எடுத்த படம்.

"இவ்ளோ பெரிய வண்டி வெச்சிக்கினு பஜ்ஜி துன்றாரு. இவருக்குக் கூலி பத்தலையாம்" என்று முதலாளி சிரித்தாராம். அத்தோடு பேச்சு முடிந்ததாம்.

அன்று சாயங்காலம் ஜெயக்குமாரண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலாளி மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் என் வண்டி மேல் வந்திருந்தது.

"உங்க ஒரு வண்டியால எங்க எல்லாருக்கும் பேஜாராப் போச்சு. நாளைக்கு மறுபடியும் போறோம். ராஜ்குமாரு, அது உன் மச்சான் வண்டின்னு சொல்லிடு. ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன்னு சொல்லு."

"எந்த மச்சான்?" என்று கேட்டேன்.

"உங்க அண்ணந்தாம்மா."

"எனக்கு அண்ணனே இல்லையே."

"மொதலாளிக்குத் தெரியவா போவுது?"

நான் ஓட்டுகிற வண்டிக்காக, செத்துப்போன என் அம்மாவுக்கு நாற்பது வருடம் கழித்து ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுக்கிறார்கள். நான் ராஜ்குமாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரு பொய்தான சொர்ணா. பன்னண்டு குடும்பம்" என்றார்.

இரவெல்லாம் எனக்கு உடம்பு தீயாய் எரிந்தது. பன்னிரண்டு குடும்பம் என்று சொல்லும்போது என்னை எந்தக் குடும்பத்தில் சேர்த்தார் என்று கேட்கத் தோன்றியது.

மறுநாள் காலை அவர்கள் கூட்டமாக நடந்து போனார்கள். நான் தறியில் உட்கார்ந்தேன். நாலு இழை ஓட்டியிருப்பேன், கை ஓடவில்லை. எழுந்து போர்வையைப் பிடுங்கி எறிந்தேன். வண்டியைத் தெருவில் இறக்கி ஸ்டார்ட் செய்தேன். பஜார் வழியாகப் போய்ப் பரசுராமனின் கடை வாசல் படியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உள்ளே பெங்களூரிலிருந்து வந்த வியாபாரிகள் இரண்டு பேர் மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். ராஜ்குமார் முதலாளி எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அது எனுது இல்லீங்க மொதலாளி. என் மச்சான்து."

"அவருது இல்லீங்கதான்" என்றேன் வாசலில் இருந்து. "எனுது. தோ, வெளிய நிக்குது, பாத்துக்குங்க."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

பதினாறு வருடம். என் கையால் நெய்த புடவை எத்தனையோ அந்த அலமாரியில் ஏறி இறங்கியிருக்கும். நீ யார் என்று கேட்கிறார்.

"உங்க ரெண்டாவது தறி" என்றேன். "ஒரு ஆளு கூலியில வண்டி வாங்கிட்டான்னு நெனச்சிக்கினு இருக்கறீங்க. எங்க வீட்ல ரெண்டு பேரு நெய்யறோம். காலையில அஞ்சு மணிக்கு உக்காந்தா ராத்திரி ஒம்போதுக்குத்தான் எழுந்திருக்கறோம். நாங்க ஒரு வண்டி வாங்கினா கூலி போதும்னு சொல்றீங்க. உங்க பையன் சதீஷு இதே மாதிரி ரெண்டு வண்டி வெச்சிக்கினு இருக்காரே, அதப் பாத்துட்டு யாராவது உங்ககிட்ட பொடவ வெலயக் கொறைங்கன்னு கேட்டாங்களா?"

பெங்களூர்க்காரர்களில் ஒருவர் குனிந்து புடவைத் தலைப்பைத் தடவினார். சிரிப்பை அடக்குகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பரசுராமனுக்கும் தெரிந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லாப் பேசற. சக்கரவர்த்தி, இந்தப் பதினோரு பேருக்கும் அவங்க கேட்ட கூலிய ஏத்திடு. ராஜ்குமாரு, உன் ரெண்டு தறியிலயும் இருக்கற பாவ இன்னிக்கே அறுத்து எடுத்தாந்து குடுத்துடு."

நெய்கிற வீட்டில் பாதிப் புடவையில் பாவு நூலை அறுப்பது என்றால் இனி வேலையே இல்லை என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில்கூடத் தறியை அப்படியே மூடித்தான் வைப்பார்கள், அறுக்க மாட்டார்கள். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று அந்தப் பதினோரு முகத்தையும் வரிசையாகப் பார்த்தேன். ஜெயக்குமாரண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஜெயக்குமாரண்ணனே வீட்டுக்கு வந்தார். "கால்ல விழுந்துடும்மா. ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா மனசு எறங்குவாரு."

"உங்களுக்குக் கூலி ஏறிச்சில்ல? போயி ஜல்தியா நெய்யுங்கண்ணே" என்றேன்.

ராஜ்குமார் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தறியின் எதிரில் அரைமணி நேரம் நின்றார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. பாதி உடல் முடிந்திருந்தது. "என்னால ஆவல சொர்ணா" என்றார். நான் கத்தரியை வாங்கினேன். நூலைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்குப் பின்னால் இழைகளைக் கொத்தாகப் பிடித்து அறுத்தேன். முறுக்கேறி நின்ற பட்டு ஒவ்வொரு கொத்தாகத் துவண்டு விழுந்தது. அவர் தறியை அறுத்த பிறகு என்னுடையதையும் அறுத்தேன். கோபம் இருந்ததால் முடிந்தது. இல்லாவிட்டால் நானும் நின்றுகொண்டுதான் இருந்திருப்பேன்.

இரண்டையும் சுருட்டி வெள்ளைத் துணியில் மூட்டை கட்டினோம். வண்டியை வெளியே எடுத்தேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். ராஜ்குமார் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

"ஏங்க, பட்டு மேல கண்ணுத்தண்ணி படாமப் புடிங்க. கறைன்னு சொல்லி அதுக்கும் கூலியில கழிச்சிடுவான் அந்த ஆளு."

அவர் மூட்டையை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் முதுகில் அழுத்தினார். முதலாளி கடை போய்ச் சேரும் வரைக்கும் என் ரவிக்கை நனைந்துகொண்டே வந்தது.