பாதி விலைக்கு ஒரு கார்டு

சுருட்டைமுடிக்காரன் குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, விற்க வைத்திருந்த பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்து நீட்டினான். எத்தனை வருடம் ஓடியது, பில் இருக்கிறதா, ஏன் விற்கிறாய் என்று ஊரே கேட்கும் கேள்வி எதையும் மூக்கக்கா கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, காற்றாடிப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, கறுத்த பலகையை மூக்குக்குக் கொண்டுபோய் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

"என்ன மேடம், மோந்து பாக்கறீங்க? மாம்பழமா இது?" என்று அவன் சிரித்தான்.

"பழக்கம்" என்றாள். "பால் பண்ணையில டெஸ்டிங். இருபத்திரண்டு வருஷமா கேன் மூடியைத் தெறந்து மோந்து பாக்கறதுதான் வேலை."

பண்ணையில் அவளுக்குப் பெயரே மூக்கக்காதான். மெஷின் நம்பர் காட்டுவதற்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும். மாடு வெங்காயத்தாள் மேய்ந்ததா, கேனில் சோப்பு போகாமல் பால் ஊற்றினார்களா, நேற்றைய பாலை இன்றைக்குக் கலந்தார்களா, எல்லாம் தெரியும். அவள் "ம்ஹூம்" என்றால் அந்தக் கேன் சாக்கடைக்குத்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் உண்டு. நெய் டப்பாவோடு வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. ஒரு கேனைக்கூட அவள் தெரிந்தே விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அந்த மூக்கில் இப்போது ஏறியது தூசி வாடை இல்லை, சிகரெட் வாடை இல்லை. பிசினும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு வாடை. அதுவும் வெளியில் ஒட்டியதாக இல்லாமல் பலகைக்கு உள்ளிருந்தே வந்தது.

அவன் கார்டைத் திரும்ப வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். அவன் அறை முழுக்க ஒரே அழுக்கு. கீபோர்டு இடுக்குகளில் பிஸ்கட் தூள், மேஜைமேல் பழுப்பேறிய காதுப் பஞ்சுகள், ஒரு கோப்பையின் அடியில் காய்ந்து புளித்த பால் ஆடை. அவன் நகக்கண்ணில் சாம்பல் நிறப் பசை. த்தூ, இந்தக் கையாலேயே சோறும் தின்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் திரையில் அந்தப் புது கேம் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனாள். புல்லின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக ஆடியது. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினான். ஒரு சிக்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை.

இந்தப் புல்லுக்காகத்தான் ஐம்பத்தோரு வயதில் இப்படி அலைகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் வீட்டுக்குப் போய்வந்த வழியில், "அந்த வீடே நாறுதுடி, எப்படி அங்க இருப்ப?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வாய் தவறிக்கூட இல்லை, மூக்கு சொன்னதை வாய் சொன்னது, அவ்வளவுதான். மகள் அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், ஊரில் மற்றவர்களைக் கூப்பிட்டதைப் போல. வீட்டுக்கு வருவதில்லை, போனை எடுப்பதில்லை. மகளுக்குச் சண்டை கேம் பைத்தியம் என்று தெரிந்து, பண்ணைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு இவளும் கற்றுக்கொண்டு, மகள் ஆன்லைனில் ஆடும் கேமில் வேறு பெயரில் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது வாரமே மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, இது நீதான?" என்று ஹெட்செட்டில் கேட்டாள். விரட்டவில்லை. அது போதுமே. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிநேரம், "பின்னாடி வா", "குனிஞ்சுக்க", "அடிபட்டுருச்சா?" என்று ஒரு குரல். வேறு எதுவும் பேச மாட்டாள், இவளும் கேட்க மாட்டாள்.

இப்போது அந்த கேமின் புதிய பாகம் வந்துவிட்டது. பழைய கார்டில் அது திறக்கக்கூட இல்லை. "நாலு பேர் டீம்மா. வர ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறோம். உன்னால முடியலைன்னா பரவால்ல, வேற ஆள் இருக்கு" என்று மகள் சொன்னாள். அந்தப் பரவாயில்லை நான்கு நாளாக நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

கம்ப்யூட்டர் கடைத்தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. புதுக் கார்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. ஒரு கடைக்காரன் பல் குத்திக்கொண்டே "பையனுக்கா ஆன்ட்டி?" என்றான். "எனக்கு" என்றதும் உள்ளே திரும்பி, "டேய், இங்க வந்து பாருங்கடா" என்று ஆளைக் கூப்பிட்டான், என்னவோ கண்காட்சி வந்த மாதிரி. கடைசியில் அவன்தான் போகிறபோக்கில் ஒன்று சொன்னான்: "வெளிய யூஸ்டு வாங்கினா பாத்து வாங்குங்க. செத்துப்போன கார்டை கேக் சுடற ஓவன்ல வச்சு எடுப்பானுங்க. சூட்டுல ஈயம் இளகி மறுபடி ஒட்டிக்கும். ரெண்டு மூணு வாரம் நல்லா ஓடும், அப்புறம் கட்டைதான். அதுக்கப்புறம் அந்த ஓவன்ல திங்கற பண்டம் சுட்டா அதுவும் வெஷம்." தன் சரக்கைத் தள்ளிவிடப் பயமுறுத்துகிறான் என்று அப்போது நினைத்தாள்.

"பதினாறாயிரம்தான் மேடம். கடையில இதே கார்டு இருபத்தஞ்சு. இந்த வெலைக்கு இத விட நல்லது கெடைக்கவே கெடைக்காது" என்றான் சுருட்டைமுடிக்காரன்.

அப்போது அவன் மனைவி இடுப்பில் குழந்தையும் கையில் தட்டுமாக வந்தாள். அவளும் அவள் புடவையும் அந்த அறைக்குச் சம்பந்தமே இல்லாத சுத்தம். அவளுக்குப் பின்னால் தெரிந்த சமையலறையில் ரிப்பன் கட்டிய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. "எடுத்துக்கங்க அக்கா, நான் சுட்டது. வீட்டுலேயே கேக், பிஸ்கட் ஆர்டர் எடுக்கறேன்" என்றாள். குழந்தை ஒரு பிஸ்கட்டை எச்சில் ஒழுகச் சப்பிக்கொண்டிருந்தது.

மூக்கக்கா ஒன்றை எடுத்தாள். கை தானாக மூக்குக்குப் போனது.

அதே வாடை. வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அடியில், கருகின பிசின், கருகின பிளாஸ்டிக். அடப்பாவி! அவள் சுருட்டைமுடிக்காரனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்களா, நீங்களும் மோந்து பாக்கறீங்க" என்றாள் மனைவி, முகம் வாடிப்போய். "பத்து நாளா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ரெண்டு ஆர்டர் திரும்பி வந்துருச்சு. ட்ரேயைத் தேய்ச்சேன், மாவை மாத்தினேன், ஒண்ணும் புரியல. அக்கா, நீங்க பால் பண்ணைன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. வெண்ணெய் உங்க பண்ணைதுதான். கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்களேன், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்." குழந்தையோடு உள்ளே ஓடினாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தான். "மேடம், ஒரே ஒரு தடவைதான். அவ கடைக்குப் போயிருந்தப்ப கார்டை ஓவன்ல வச்சேன். அந்த ஓவன் அவ நகையை வித்து வாங்கினது. தெரிஞ்சா கொன்னே போட்டுருவா. சொல்லிடாதீங்க. வெலையைக் கொறைச்சுக்கறேன்."

காறித் துப்ப வேண்டிய நேரம். கார்டை அவன் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டு, உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் நான்கு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருட மூக்கக்கா அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்த மூக்கு உண்மை சொல்லித்தானே மகள் போனாள்? மூன்று வாரம் ஓடினால் மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் சீட்டுப் பணம் வரும், நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கணக்கு மளமளவென்று ஓடியது. சீ, என்ன ஜென்மம் நான் என்று ஒரு பக்கம் தோன்றும்போதே இன்னொரு பக்கம் வாய் திறந்துவிட்டது.

"எவ்வளவு கொறைப்ப?"

"பன்னெண்டு."

"எட்டு."

அவன் தலையாட்டினான். இந்த வருடத்தில் யாரும் இதைவிட லாபமாக கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

மனைவி ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தோடு வந்தாள். பண்ணையின் நீல உறை. மூக்கக்கா உறையைப் பிரித்து முகர்ந்தாள். பொய் சொல்வதற்கு முன்னால்கூட ஒழுங்காகத்தான் முகர்ந்தாள். கடைந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், ஆனாலும் முந்தாநாள் கடைந்த மாதிரி இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ச்சியாக, லேசாக உப்பு மணத்தோடு, அவள் கையாலேயே பாஸ் பண்ணிய பாலிலிருந்து எடுத்தது.

"வெண்ணெய்தான்" என்றாள். "காறிப்போச்சு."

"அப்பாடா" என்று அந்தப் பெண் சுவரில் சாய்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "என் கைதான் ராசியில்லாமப் போச்சோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல அக்கா. நாலு கிலோ வாங்கி வச்சிருக்கேன். போனாப் போகுது, கொட்டிடறேன். இதை மட்டும் எடுத்துட்டுப் போய் உங்க லேபுல காட்டுங்க, வேற யாரும் ஏமாறக் கூடாதுல்ல?" மறுக்க மறுக்க வெண்ணெயைப் பையில் வைத்து, போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். குழந்தை மூக்கக்காவைப் பார்த்து எச்சில் பிஸ்கட்டை நீட்டியது.

படியிறங்கும்போது அவள் அவனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கே அந்த ஓவனைத் தூக்கிப் போடு."

"போட்டுர்றேன் மேடம்" என்றான், சட்டென்று. அவன் போட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஞாயிறு மதியம் கணக்குப்பிள்ளை வந்து கார்டை மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். "எட்டாயிரத்துக்கா! அடிச்சீங்க பாருங்க லக்கு" என்று வாயைப் பிளந்தான். வெண்ணெயை அவள் ஃபிரிட்ஜில் வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. மேஜை ஓரத்தில் பொட்டலமாகவே கிடந்தது.

"அம்மா, வந்துட்டியா?" ஹெட்செட்டில் மகள். குரலில் நிஜமாகவே ஆச்சரியம். "கார்டு வாங்கிட்டியா? நீயாவா? எவ்வளவு குடுத்த?"

"சல்லிசாதான் கெடைச்சுது."

"ஏமாத்திருக்கப் போறாங்கம்மா. நல்லா பாத்து வாங்கினியா?" என்றாள். இரண்டு வருடத்தில் கேமுக்கு வெளியே மகள் கேட்ட முதல் கேள்வி.

"பாத்துதான் வாங்கினேன்" என்றாள்.

புல்வெளியில் நான்கு பேரும் இறங்கினார்கள். கால் மணிநேரத்தில் கார்டு சூடேறியது. மேஜைக்கு அடியிலிருந்து அந்த வாடை மெதுவாக எழுந்து வந்தது. அவள் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு விளையாடினாள். அப்போது போன் ஒளிர்ந்தது. அந்தப் பெண் போட்டோ அனுப்பியிருந்தாள். ஓவனின் மஞ்சள் வெளிச்சத்துக்குள் ஒரு பெரிய கேக் உப்பிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'வெண்ணெய் மாத்திட்டேன் அக்கா. முப்பது குழந்தைங்க வர்ற பர்த்டே ஆர்டர். நீங்க மட்டும் சொல்லலைன்னா இதையும் கெடுத்திருப்பேன்.'

"அம்மா, எங்க நின்னுட்ட? என் பின்னாடியே வா" என்றாள் மகள்.

"இதோ வந்துட்டேன்டா."

ஒரு கையால் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மறுபடி அதிர்ந்தது. கவிழ்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இளகி உறையை விட்டு வழிந்துகொண்டிருந்த வெண்ணெயில் போய் முட்டி நின்றது.