பதினேழாம் கூண்டின் சிவப்பு அட்டை

சின்னவளை அந்த நாய்க் காப்பகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். கூடப்பிறந்த தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கிக் கொடுத்தாள். அவள் சேர்ந்து எட்டே மாதம்! பதினோரு வருடம் கூண்டு கழுவி, புண்ணில் புழு எடுத்து, கடி வாங்கி ஊசி போட்டுக்கொண்டவள் பெரியவள். ஆனால் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் தலைமேல் தூக்கிவைத்து ஆடுவது யாரை? சின்னவளை! "அந்தச் சிரிச்ச முகத்துக்காரப் பொண்ணு இன்னைக்கு வரலையா?" என்று பெரியவளிடமே வந்து கேட்பார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

பொறாமையா என்றால் பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? சின்ன வயதில் அம்மா மடியைப் பிடித்துக்கொண்டாள், போகட்டும். பெரியவளின் சிநேகிதிகளை எல்லாம் தன் சிநேகிதிகளாக்கிக்கொண்டாள், அதுவும் போகட்டும். இப்போது நாய்களும் அவள் கட்சி. அதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கே ஐம்பதே கூண்டு. வாசலில் வந்து இறங்குகிற நாயைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் இடம்? அதற்குத்தான் புதன்கிழமை. புதன்கிழமை காலை டாக்டர் வருவார். கூண்டு போதவில்லை என்றால் உள்ளே இருப்பதில் ஒன்று ஊசி போட்டுக்கொண்டு கண்ணை மூடவேண்டும். முதலில் சிவப்பு அட்டை மாட்டிய கடிநாய், அடுத்தது தேறாத நோயாளி, அதற்கும் அடுத்தது வந்து ரொம்ப நாள் ஆனது. சிவப்பு அட்டை எழுதும் உரிமை பெரியவள் ஒருத்திக்குத்தான். அவள் எழுதிவிட்டால் டாக்டர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

பதினேழாம் கூண்டுக் கறுப்பு நாய் லாரியில் அடிபட்டு வந்தது. டாக்டரே கையை விரித்துவிட்டார். மூன்று வாரம் கரண்டியால் பால் ஊற்றி, திருப்பிப் படுக்கவைத்து, கட்டு மாற்றி அதை எழுப்பி நிறுத்தியவள் பெரியவள். அது நாலு காலில் நடந்த அன்று கதவைத் திறந்து, "வா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அது நொண்டி நொண்டி வந்தது. வந்து, இவளைத் தாண்டிப் போய், தண்ணீர்க்குழாயோடு நின்ற சின்னவளின் காலைச் சுற்றியது.

"ஐயோ, கரிச்சட்டி! நடந்துட்டியாடா என் தங்கம்!"

"அதுக்கு எப்படி பேரு வச்ச? எப்ப வச்ச?"

"போன வாரமே வச்சிட்டேன்க்கா. கூப்பிட்டா எப்படி வாலை ஆட்டுது பாரேன். உன்னைப் பார்த்தா ஊசி ஞாபகம் வந்துடும்போல, பாவம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பெரியவளுக்குக் காதில் புகை வந்தது. பால் ஊற்றியவள் இவளாம், பெயர் வைத்தவள் அவளாம்!

அன்று சாயங்காலம் பதினேழாம் கூண்டில் சிவப்பு அட்டை தொங்கியது. 'கடிக்கும்' என்று பெரியவளின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது. அட்டை தொங்கினால் பெரியவளைத் தவிர யாரும் அந்தக் கதவைத் தொடக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நாயின் உயிருக்கு உலை வைக்கவேண்டும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு கூண்டு காலியாக இருந்ததே! ஒரு மாதம் தொங்கட்டும், நாய் சின்னவளை மறந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

"கடிச்சுதா? உன்னையா? எங்க, கையைக் காட்டு!" என்று சின்னவள் ஓடிவந்தாள்.

"பல்லு படல. நீ இனிமே அந்தப் பக்கமே போகாத."

"சரிக்கா," என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

நாலு நாள் கறுப்பு நாய் பெரியவளுக்கே பெரியவளுக்கு என்று இருந்தது. சந்தோஷமாக இருந்தாளா? இருந்தாள், இல்லையென்று சொல்வானேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன நாய் இவள் கையில் தின்றுகொண்டே இவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தது. யாரைத் தேடியது என்று சொல்லவும் வேண்டுமா?

ஐந்தாம் நாள் புதன்கிழமை. பூட்டிக்கிடந்த ஏதோ ஒரு வீட்டிலிருந்து மீட்டதாக ஒரு வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்தால் எலும்பும் தோலுமாக மூன்று நாய்கள். காலியாக இருந்த கூண்டோ இரண்டு.

"சிவப்பு அட்டை ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

"பதினேழு," என்றார் மேனேஜர்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ரெண்டை ஒரே கூண்டுல போட்டா என்ன சார்?" என்றாள் சின்னவள்.

"போன மாசம் போட்டமே, காலையில வந்து பார்த்தா ஒண்ணுதானே உயிரோட இருந்துச்சு? மறந்துட்டியா?" என்றார் மேனேஜர்.

"அப்ப நாங்க ஒண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"ஏற்கெனவே மூணு வச்சிருக்கீங்க. நாலாவது வந்தா சாமானைத் தூக்கித் தெருவுல வைப்பேன்னு உங்க வீட்டு ஓனர் எங்கிட்டயே வந்து கத்திட்டுப் போனாரும்மா."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். கடைசியா ஒரே ஒருதரம் அதைத் தொட்டுக்கட்டுமா? நீ பக்கத்துல நின்னுக்கோ."

இந்த நிலையிலும் பெரியவளின் பாழும் மனசு, சாகும்போதும் அது சின்னவள் கையைத்தான் நக்கும் என்று எரிந்தது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"அது கடிக்கல," என்றாள்.

"என்னது?" என்றார் டாக்டர்.

"கடிக்கல டாக்டர். நான்தான் பொய் எழுதினேன். வளர்த்தது நான், அது இவகிட்ட ஓடிச்சு. எனக்குப் பொறுக்கல."

சின்னவள், "என்மேல பொறாமையாக்கா?" என்று கேட்டாள்.

"உன்மேலதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷமா நீங்க எழுதினதை நம்பித்தானேம்மா நான் ஊசி போட்டேன்?"

"மத்ததெல்லாம் சத்தியமா உண்மை."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் போய் அட்டையைக் கழற்றிக் கிழித்துப்போட்டார். ஆனால் வண்டியில் மூன்றாவது நாய் அப்படியேதான் நின்றது. ஒரு பொய்யை ஒப்புக்கொண்டதால் கூண்டு ஒன்று கூடிவிடுமா என்ன?

தேறாத நோயாளி எதுவும் இல்லை. மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்திரெண்டு. வந்து நாலு வருஷம் ஆச்சு."

நாற்பத்திரண்டாம் கூண்டில் ஒரு கிழட்டு வெள்ளை நாய். குரைக்காது, துள்ளாது, வந்தவர்கள் யாரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்ததில்லை. பெரியவளும்தான், காலையில் தட்டை வைப்பாள், அடுத்த கூண்டுக்கு நகர்வாள். புதன்கிழமை நாயைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. போய்க் கதவைத் திறந்தாள். கயிறு தேவைப்படவில்லை. அது எழுந்து வந்து அவள் முழங்காலில் தலையை ஒரு முட்டு முட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டே கூட நடந்தது. மேஜைமேல் தூக்கிப் படுக்கவைத்ததும் அவள் கைமேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டது.

"இவ்வளவு சாதுவா!" என்றார் டாக்டர்.

"அக்காகிட்ட மட்டும்தான் டாக்டர்," என்று வாசற்படியிலிருந்து சின்னவள் சொன்னாள். "நீ லீவு போட்டா அது சாப்பிடாதுக்கா. நீ வர்ற வழியையே பார்த்துட்டுக் கிடக்கும். பக்கத்துல உட்கார்ந்து எத்தனை நாள் ஊட்டிப் பார்த்திருக்கேன், மூஞ்சியத் திருப்பிக்கும். எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

டாக்டர் ஊசியோடு கையை நீட்டினார். பெரியவள் அதன் முன்னங்காலைப் பிடித்துக் கொடுத்தாள்.