கதிராச்சி குடியின் வண்டி

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்றை உலகம் அங்கவீனர் ஆண்டு என்று கொண்டாடியது. கல்முனைக்குத் தெற்கே கடலோரத்திலிருந்த அந்த ஊரில், அதற்கு முன்னர் கால் வழங்காதவர்களுக்கென்று ஆண்டு எதுவும் இருந்ததில்லை. மாதத்துக்கொரு தரம் அரசாங்கம் கொடுக்கும் பிச்சைச் சம்பளம் மட்டும் இருந்தது. எண்பத்தொன்றில் சேவை மேம்பட்டது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டிகள் ஏழு, லொறியில் வந்து பள்ளிவாசல் முற்றத்தில் இறங்கின.

அந்த ஏழில்தான் காரியம் கெட்டது. ஊரில் குடிகளும் ஏழு. குடி தாய் வழியில் வரும். ஒவ்வொரு குடிக்கும் தலைவராகப் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். கந்தூரிச் சோறானாலும் குர்பான் இறைச்சியானாலும் அந்த ஊரில் ஏழாகத்தான் பிரியும். வண்டிகளோடு வந்த அலுவலரின் கையில் பதினொரு பேரின் பட்டியல் இருந்தது. மரைக்கார்மார் பட்டியலைப் பார்க்கவில்லை. வண்டிகளை எண்ணிப் பார்த்து, குடிக்கு ஒன்று என்றார்கள். அலுவலருக்கும் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜவுபர் பொன்னாச்சி குடி. அந்தக் குடியில் மட்டும் கால் வழங்காதவர்கள் ஐந்து பேர். வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல ஆளுக்கு ஆறு நாள் என்று முறை வைத்தார்கள். முதல் முறை மரைக்காரின் மருமகன் மீராசாவுக்கு. நான்கு மாதமாகியும் மீராசாவுக்கு அந்த ஆறு நாள் முடியவில்லை.

ஜவுபருக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போயின. அவன் கச்சான் கடலை விற்றான். காலையில் மனைவி றாஹிலா அவனை முதுகில் சுமந்து, அரைக் கட்டை தூரம் மணலில் நடந்து, பெரிய தெருவோரத்து வேம்பின் கீழ் இறக்கிவிடுவாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து ஏற்றிக்கொள்வாள். மற்ற நேரத்தில் தவழ்ந்தான். முப்பத்துநான்கு வருடமாக ஊராரின் முழங்கால்களோடு கதைத்து வந்தவனுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. அந்த வண்டியில் ஏறி, தானே சுற்றி, ஒருவருடைய முகத்தைப் பார்த்துக் கச்சான் விற்க வேண்டும்.

கதிராச்சி குடியில் நொண்டி, முடம், கூன், குருடு ஒன்றும் கிடையாது. அதுதான் அந்தக் குடியின் பெருமை. மாறுகண்ணோடு ஒரு பிள்ளை பிறந்தபோதுகூட, அது வாப்பா வழியில் வந்த கண் என்று தீர்த்துவிட்டார்கள். அவர்களின் வண்டி, மரைக்கார் கச்சிமுகம்மதுவின் நெல்லு மில்லில் சாக்கு மூடி நின்றது. வெள்ளிக்கு வெள்ளி அவரே சில்லுகளுக்கு எண்ணெய் விட்டார்.

ஜவுபர் தவழ்ந்து மில்லுக்குப் போனான்.

"ஸலாம் மரைக்கார்."

கச்சிமுகம்மது முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "நீயா? தவிட்டுக்க கோழியாக்கும் எண்டு நினைச்சுப் போட்டன். என்ன மனே?"

"அந்த வண்டி சும்மாதானே நிக்கிது. எனக்குத் தந்தா என்ன?"

"நீ பொன்னாச்சி குடியெலுவா. உங்கட பங்கு வந்திச்சா இல்லியா?"

"வந்திச்சு. மீராசா இறங்குறானில்லயே."

"அது உங்கட குடிட வில்லங்கம். இண்டைக்கு வண்டியக் குடுத்தா நாளைக்கு எங்கட கந்தூரிச் சோத்தில கைய வெப்பானுகள்."

ஜவுபர் அவருடைய முழங்காலைப் பார்த்துச் சொன்னான். "எண்ட பொஞ்சாதி கதிராச்சி குடிதானே மரைக்கார்."

"ஓம். அவட உம்மா எனக்குச் சாச்சி முறை. அவட கால் எப்பிடி?"

"நல்ல கால். என்னயும் சுமந்துக்கு மணல்ல நடக்கிற கால்."

"அதான் பிழை" என்றார் கச்சிமுகம்மது, உண்மையான வருத்தத்தோடு. "அவக்கு ஏலாமலிருந்தா எங்கட குடிட பொம்புள எங்கட குடிட வண்டில போறா, ஆரு கேக்கிற?"

"கடதாசில எழுதினாத்தானே ஏலாமப் போற."

மரைக்கார் யோசித்தார். "பொறவிக் குறை எழுத ஏலா. அது குடிக்கு இழுக்கு. கிணத்துக்க விழுந்தாளெண்டு எழுதுவம்."

அன்று பின்னேரம் றாஹிலா நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடியும்வரை கை நிற்கவில்லை.

"எனக்குக் கால் இல்லையெண்டு எழுதப் போறீங்களா மச்சான்?"

"கடதாசிலதான் புள்ள."

"கடதாசில எழுதினா அல்லாக்கு வாசிக்கத் தெரியாதா?"

"ஊருக்குள்ள மட்டும் நீ ஏறு. மையவாடி கழிஞ்சா சனமில்ல. நீ இறங்கு, நான் ஏறுறன்."

அவள் கையைக் கழுவினாள். "சரி."

விசாரிக்க வந்த அலுவலரால் ஒரு முஸ்லிம் பெண்ணின் காலைப் பார்க்க முடியாது. அதனால் மரைக்கார்மாரைப் பார்த்தார். அவர்கள் ஏழு பேரும் சத்தியம் எதுவும் செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். றாஹிலா கிணற்றில் விழுந்தவளானாள்.

அடுத்த திங்கட்கிழமை வண்டி புறப்பட்டது. றாஹிலா ஒரு கையில் குடை பிடித்தாள், மறு கையில் முக்காட்டுத் தலைப்பைப் பிடித்தாள். சுற்றுவதற்கு மூன்றாவது கையை அல்லாஹ் வைக்கவில்லை. சில்லு மணலில் புதைந்தது. ஜவுபர் பின்னால் தவழ்ந்துபோய், இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, நெற்றியைக் கொடுத்துத் தள்ளினான். வேலிக்கு வேலி பெண்கள் வந்து பார்த்தார்கள். றாஹிலாவின் கால் நல்ல கால் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வண்டி கதிராச்சி குடியின் வண்டி, ஏறியிருப்பவள் கதிராச்சி குடிப் பெண். காட்டிக்கொடுக்க அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஊர்க் கடைசியிலிருந்த மையவாடிக் கல்லறைகள் கழிந்ததும் அவள் இறங்கினாள். அவன் ஏறினான். அவன் திரும்பும்வரை அவள் பற்றை மறைவில் இருந்தாள். பெரிய தெருவில் ஏறியபோது வேலிகளுக்கு மேற்பக்கம் ஒன்று உண்டென்று ஜவுபர் கண்டான். பதினைந்து வருடமாகக் கச்சான் வாங்கும் பஸ் கொண்டக்டருக்கு மீசை இருப்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்த மீசைக்கு ஒரு சுருள் கச்சானை இனாமாகக் கொடுத்தான்.

பத்தொன்பது நாள் இப்படி நடந்தது. இருபதாம் நாள் மையவாடி கழிந்தது. றாஹிலா இறங்கவில்லை.

"இறங்கு புள்ள."

"சனம் பாக்குது."

"மையவாடிலயா சனம்?"

"அதுக்குள்ள கிடக்கிற ஆக்களும் எங்கட குடிதான்."

"விளையாடாத. வெயில் ஏறுது."

றாஹிலா குடையைத் தோளில் சாய்த்துவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "பதினொரு வருசம் உங்களச் சுமந்தன் மச்சான். மாசமாயிருந்தும் சுமந்தன். அந்தப் புள்ள தங்கல்ல. ஒரு நாள் ஒருத்தியாவது, உனக்கு முதுகு நோகுதாகா எண்டு கேட்டாளா? இப்ப இதில குந்தியிருக்கன். எனக்குக் கஞ்சி கொண்டு தாறாளுகள், எண்ட உடுப்பத் தோய்ச்சுத் தாறாளுகள், என்னப் பாத்து அழுறாளுகள். தள்ளுங்க."

அவன் தள்ளினான்.

அன்றிலிருந்து கச்சானையும் அவளே விற்றாள். உயரத்திலிருந்து விற்கும் கச்சான் வேகமாகப் போனது. மாரி வந்து போனது. வீட்டுக்குள்ளும் அவள் கால் நிலத்தில் படவில்லை. ஒருநாள் குசினிக்குள் சாரைப்பாம்பு வந்தபோது, இன்றைக்கு எழும்பி ஓடுவாள் என்று ஜவுபர் ஆவலோடு பார்த்திருந்தான். அவள் இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே அரைந்து அரைந்து வெளியே வந்தாள். "கால் விறைச்சுப் போச்சு மச்சான்" என்றாள். அது பொய்யா மெய்யா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கும் அது தெரியாமல் போனது.

இதற்கிடையில் ஜவுபரின் நெற்றியில் ஒரு காய்ப்பு விழுந்தது. வண்டிப் பலகை உரசி உரசி வந்த காய்ப்பு, கரியமாணிக்கம்போல் கறுத்துத் தடித்திருந்தது. வெளியூர்க்காரர் அதைத் தொழுகையில் நெற்றி நிலத்தில் பட்டு வந்த சுஜூதின் தழும்பு என்று நினைத்துக் குனிந்து ஸலாம் சொன்னார்கள். நாற்பது வருடம் தொழுதும் நெற்றி வழவழவென்றிருந்த கச்சிமுகம்மதுவுக்கு அதில் மனத்தாங்கல்.

எண்பத்திரண்டில் சேவை மறுபடியும் மேம்பட்டது. பழைய அலுவலர் மாற்றலாகிப் போக, தம்பிமுத்து என்ற புதியவர் வந்தார். மெய்யாகவே இரக்கமுள்ள மனிதர். பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு, எல்லாரையும் கூப்பிட்டார்.

"இவ்வளவு நாளும் நாங்க விட்ட பிழை என்னெண்டா, ஏலாத ஆக்கள மட்டும் பாத்தம். அவங்கள வெச்சுப் பாக்கிற குடும்பத்தப் பாக்கல்ல. இனிப் பராமரிக்கிற ஆக்களுக்கும் பதிவு, பராமரிக்கிற ஆக்களுக்கும் உதவி."

றாஹிலாவின் முறை வந்தது. வண்டி மேசைக்கு முன்னால் நின்றது.

"உங்களப் பாக்கிறது ஆரு?"

"எண்ட மாப்பிள, சேர்."

தம்பிமுத்து எட்டிப் பார்த்தார். "ஏன் நிலத்தில இருக்கிறார்?"

"மரியாதை சேர்" என்றாள் றாஹிலா. "படிச்ச ஆக்களுக்கு முன்னால அவர் எழும்பி நிக்க மாட்டார்."

தம்பிமுத்து பேனையைத் திறந்தார். பெயரை எழுதினார். பிறகு வேறொரு பதிவைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினார். "பிச்சைச் சம்பளப் பதிவிலயும் ஒரு ஜவுபர் இருக்கார். ரெண்டு காலும் வழங்காதவராம். அதே விலாசம். ஒருத்தர் ரெண்டு பதிவிலயும் இருக்க ஏலாது. அது நீங்களா?"

ஜவுபர் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற கச்சிமுகம்மது மெல்லக் குனிந்தார்.

"உள்ளதச் சொல்லு மனே. சொன்னா வண்டி மில்லுக்கு வரும், அவ்வளவுதான்."

ஜவுபர் றாஹிலாவைப் பார்த்தான். அவள் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அது மெய்யான கண்ணீர். வண்டி மில்லுக்குப் போனால் இருவரும் தவழ வேண்டும். அவளை இறக்கிவிடவும் ஆளில்லை, அவனைச் சுமக்கவும் ஆளில்லை.

"அது வேற ஜவுபர், சேர்" என்றான். "அவர் மவுத்தாகிட்டார்."

"இன்னா லில்லாஹி" என்று மரணச் சேதிக்கு உரியதைச் சொன்னார் கச்சிமுகம்மது, உடனே.

"எப்ப?"

"கிட்டடியிலதான்" என்றான் ஜவுபர்.

தம்பிமுத்து பிச்சைச் சம்பளப் பதிவிலிருந்த ஜவுபரைச் சிவப்பு மையில் வெட்டினார். கோடு வளையாமலிருக்க அடிமட்டம் வைத்தே வெட்டினார். பிறகு பராமரிப்பாளருக்கான துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தார். ஏலாதவரைத் தூக்கும்போது கால்களை அகட்டி உறுதியாக நிற்கவேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. கடைசியில் மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"நாள் முழுக்க நடந்து திரியிற ஆக்கள் நீங்க. ஆளுக்கொரு சோடி கன்வஸ் சப்பாத்து. உங்கட அளவென்ன?"

"எட்டு" என்றாள் றாஹிலா.

சனம் கைதட்டியது. மண்டபத்துக்கு வெளியே, பகல் வெயிலில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. ஜவுபர் சப்பாத்தின் நாடாக்களைப் பல்லால் தளர்த்தி, இரண்டையும் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டான். அளவு சரியாகத்தான் இருந்தது.

"வெள்ளச் சப்பாத்து மச்சான், சாணகத்தில மிதிச்சுப் போடாதீங்க" என்று சொல்லி, றாஹிலா குடையை விரித்தாள்.

அவன் நெற்றியைப் பலகையில் வைத்தான்.