சோப்புத் தடம்

'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வதற்கு முன்னால் இவர் ஏன் ஒரு தரம் எச்சில் விழுங்குகிறார்?

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இன்றைக்குத்தான் அது அவள் கண்ணில் பட்டது. கூரை ஒழுகியபோதும் அதே வார்த்தைதான் சொன்னார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் கீறல் விட்டபோதும் அதேதான். அப்போதெல்லாம் தொண்டையில் இந்த அசைவு இருந்ததோ என்னவோ, அவள் வார்த்தையை மட்டும் கேட்டுப் பழகிவிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே மின்சார சைக்கிளைச் சாய்த்து வைத்து, வழக்கம்போல் விடுமுறை நாள் வேலையைத் தொடங்கியிருந்தாள். கணவர் வேலைக்குப் போய் வருவது அதில்தான். டயரை அழுத்திப் பார்த்துக் காற்றடித்தாள். பிரேக் கட்டையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினாள். இனி எண்ணெய் போட வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சாவியைத் திருப்பி இழுத்தால் சட்டத்திலிருந்து சட்டென்று கையோடு வருவது. இன்று வரவில்லை.

குளிக்கப் போகத் தோளில் துண்டோடு நின்ற அவர் இறங்கி வந்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். முனகிக்கொண்டே வெளியே வந்தது.

"பாத்தியா? ஒண்ணும் ஆகாது."

விழுங்கிவிட்டுத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு ஈரத்துணியால் பேட்டரியின் ஓரத்தைத் துடைத்தாள். துணியில் வெள்ளையாக ஏதோ வந்தது. தூசி இல்லை. விரலால் தேய்த்தால் வழவழத்தது. முகர்ந்து பார்த்தாள். துணி துவைக்கும் சோப்பு.

கொஞ்ச நாளாகப் பின்கட்டில் இருக்கும் சோப்புக்கட்டியின் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. எலி வேலை என்று நினைத்து அவள் பொறிகூட வைத்தாள். பொறியில் எதுவும் விழவில்லை. "உன் எலி எங்கயாவது நுரை தள்ளிக்கிட்டுக் கிடக்கும், தேடிப் பாருடி" என்று நாத்தனார் கேலி பேசியது இப்போது ஞாபகம் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

சட்டத்தில் பேட்டரி நுழையும் காடியையும் பார்த்தாள். இரண்டு பக்கமும் சோப்பு பூசி, உள்ளே தள்ளித் தள்ளி மெழுகியது போலிருந்தது. ஒரு நாள் பூச்சு இல்லை அது.

மாடி ஏறி, முன்னறைத் தரையில் பேட்டரியைப் படுக்க வைத்தாள். பலகை போல் கிடக்க வேண்டியது, ஓரம் தரையில் படாமல் ஆடியது. விரலால் லேசாகத் தள்ளினாள். நடுவயிற்றில் ஊன்றிக்கொண்டு மெல்லச் சுற்றியது.

"என்னடி, இந்த வயசுல பம்பரம் விடற?"

கட்டிலில் இருந்து நாத்தனார் கேட்டாள். கணவரின் அக்கா. படியில் வழுக்கிக் கால் முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு கிடக்கிறாள். எழுப்பி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டும். வீட்டின் ஒரே வாசலை ஒட்டி அந்தக் கட்டில். அதன் தலைமாட்டுக்கு அடியில்தான் சார்ஜர் மாட்டும் பிளக் பாயிண்ட். ஜன்னலுக்கெல்லாம் கம்பி.

"பேட்டரி வீங்கியிருக்கு அண்ணி."

"எனக்கும்தான் கால் வீங்கியிருக்கு. என்னைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மூக்கை அருகில் கொண்டுபோனாள். நகப்பூச்சு போல ஒரு தித்திப்பு வாடை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி. வீங்கிய பேட்டரி சார்ஜ் ஏறும்போது வெடித்துத் தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதை இரண்டு கையாலும் ஏந்திப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். கொடியில் காய்ந்த துணிகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தாள்.

தினமும் இரவு அந்தக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பிளக்கைச் சொருகுவது அவள்தான். குனிந்தால் தனக்கு இடுப்பு பிடிக்கிறது என்பார் அவர். சொருகிவிட்டு, "தூங்குங்க அண்ணி" என்று விளக்கை அணைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"சார்ஜ்ல போட்டியா? காலையில சீக்கிரம் கிளம்பணும்."

"சோப்பு தடவினது நீங்கதானா?"

துண்டு தலையிலேயே நின்றது. தொண்டை ஒரு தரம் அசைந்தது.

"உள்ள போக மாட்டேன்னுச்சு. வழுக்கிக்கிட்டுப் போகட்டும்னு..."

"எப்பலேருந்து?"

"படியில பேட்டரியைக் கீழே போட்டேனே, அதுலேருந்து. சொன்னா நீ பயப்படுவே. உனக்குத்தான் பல்லி கத்தினாலே தூக்கம் போயிடுமே."

"என்னடா சோப்பு?" என்றாள் நாத்தனார். அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ படு." அவர் மனைவியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "புதுசு வாங்கிடலாம். சத்தியமா. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் போடு. நாளைக்கு நான் எதுல வேலைக்குப் போறது? ஏற்கெனவே லேட்டா வரேன்னு மேஸ்திரி கடுப்புல இருக்கார். ஆளை மாத்திடுவேன்னே சொல்லிட்டார்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தில் இருந்த பயமும் பொய்யில்லை. அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் இதுவரை எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டி வந்திருக்கிறாள். பேட்டரி வீங்கியது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, தினமும் அவள் கையில் பிளக்கைக் கொடுத்தார்.

அவர் பின்கட்டுக்குப் போய்ப் பேட்டரியைத் தூக்கி வந்தார். குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, சார்ஜர் முனையை அதில் பொருத்தினார். பிளக்கை அவளிடம் நீட்டினார்.

"சொருகும்மா. நான் முழிச்சுக்கிட்டுப் பாத்துக்கிறேன். ஒண்ணும்..."

முடிக்கவில்லை.

நாத்தனார் மாவுக்கட்டுக் காலை இழுக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தம்பி மனைவியின் கையையே பார்த்தாள்.

அவள் பிளக்கை வாங்கினாள். அவர் மூச்சு விட்டது கேட்டது. குனியவில்லை அவள். பேட்டரியில் இருந்த முனையையும் பிடுங்கினாள். கட்டிலின் ஓரத்தில், நாத்தனாரின் கால்மாட்டில் உட்கார்ந்து, வயரைத் தன் விரல்களில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றத் தொடங்கினாள்.

"மாட்டேங்க," என்றாள்.