பன்னிரண்டாவது இடத்தில் என் மாமா

பாயிண்ட் கார்டுகளைத் தரவரிசைப்படுத்தும் தகுதி உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்றாமவன் எங்கள் விடுதியில், என் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறான். இதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். சொல்லும்போது பல் துலக்கிக்கொண்டிருந்தான் என்றாலும் குரலில் விளையாட்டு இல்லை.

அவனை எல்லோரும் நீதிபதி என்றுதான் கூப்பிடுவோம். கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் கையில் கொடுத்தால் கூடையில் விழும் என்று முடிவு செய்கிறவர். ஐந்து பேரில் மூளை அவர். பேர் வாங்குவது மற்ற நால்வர். சம்பளத்துக்கு ஆடும் இரண்டாம் பிரிவு லீகில் பன்னிரண்டு அணிகள், ஆகவே பன்னிரண்டு பாயிண்ட் கார்டுகள். அவர்களை வாராவாரம் வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஒரு வரி தீர்ப்பும் எழுதி, கல்லூரிப் பத்திரிகைக்குக் கொடுப்பது நீதிபதியின் தொழில். படிப்பு உபதொழில்.

தொழிலில் அவன் சுத்தம் பார்ப்பவன். ஆட்டத்தை ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பான். வர்ணனை காதில் விழுந்தால் தீர்ப்பில் கறை படிந்துவிடுமாம். ஒவ்வொரு பாஸுக்கும் பென்சிலால் ஒரு கோடு. நேரத்துக்குப் போனால் நேர்க்கோடு, தாமதமானால் சாய்கோடு. பந்தை அவன் கையால் தொட்டதே இல்லை. "தொட்டா பாசம் வந்துடும்" என்பான்.

அவனுக்கு ஒரே எதிரி, இரண்டாம் மாடி வணிகவியல்காரன். அவனும் ஒரு பட்டியல் போடுகிறான், போனில். போன மாதம் பேருந்து நிலையத்தில் ஒரு பாயிண்ட் கார்டைப் பார்த்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் அந்த ஆள் எட்டிலிருந்து மூன்றுக்கு ஏறிவிட்டார். நீதிபதி அன்று மதியம் சாப்பிடவில்லை.

"கை குடுத்தவனுக்கெல்லாம் இடம் குடுக்கிறான்டா! இவன் நடுவரா, பஸ் கண்டக்டரா? எங்கப்பாவே பாயிண்ட் கார்டா இருந்தாலும் பென்சில் சொல்றதத்தான் நான் எழுதுவேன்."

அவனுடைய அப்பா பல் மருத்துவர். ஆபத்தில்லாத சபதம்.

ஆபத்து எனக்குத்தான். பன்னிரண்டு பேரில் ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வயது முப்பத்தெட்டு. ரசிகர்கள் பன்னிரண்டு பேருக்கும் பட்டப்பேர் வைத்திருந்தார்கள், மாமாவுக்குத் தபால்: அவர் அனுப்பியது எப்படியும் வந்து சேரும், எப்போது என்றுதான் யாருக்கும் தெரியாது. நீதிபதியின் நோட்டில் மாமாவின் பக்கம் முழுக்கச் சாய்கோடு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். சீசன் முழுக்கப் பன்னிரண்டாவது இடம்.

நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கடைசி வாரம் வரை. மாமாவின் கிளப் செயலாளர் குழாய்க் கடை வைத்திருப்பவர். கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்தது வளையத்தின் விட்டம் மட்டும். பன்னிரண்டு பேரையும் வரிசைப்படுத்தி அச்சில் போடுவது எங்கள் கல்லூரிப் பத்திரிகை ஒன்றுதான் என்பதால், அதைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருக்கிறார். சீசனின் கடைசிப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தால் மாமாவுக்கு இன்னொரு வருட ஒப்பந்தம். இல்லையென்றால் கடையில் வேலை: வருகிறவர்களுக்குக் குழாயைத் திறந்து காட்டி மூட வேண்டும்.

நீதிபதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நோட்டை மூடிக்கொண்டான்.

"வழக்கு நடக்கும்போது குற்றவாளியோட சொந்தக்காரன் நீதிபதிகிட்ட பேசக் கூடாது."

"ஒரே ரூம்ல இருக்கோமேடா!"

"அப்போ முகத்தத் திருப்பிக்கோ."

கடைசிப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கொடுக்க வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு மாமா வந்து நின்றார், அம்மா கொடுத்தனுப்பிய மேசை விசிறியோடு. உள்ளே நுழைந்தவர் நேராகச் சுவரைப் பார்த்தார். போன வாரப் பட்டியல் ஒட்டியிருந்தது. விசிறியை வாங்கி அதற்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். விசிறி சின்னது.

மாமா மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். பன்னிரண்டுக்கு வந்ததும் தீர்ப்பை வாய்விட்டே படித்தார். "'இவர் கொடுக்கும் பந்தில் தபால்தலை ஒன்றுதான் பாக்கி.' அட, நல்லா இருக்கே! யாரு எழுதினது?"

"நான்தான், சார்" என்றான் நீதிபதி. எழுந்து நின்றுதான் சொன்னான்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி." மாமாவின் விரல் பட்டியலில் மேலே ஏறியது. "முதல் இடம் ஊசிக்கா? சரிதான், அவன் விடுற பந்து எந்தச் சந்துலயும் நுழைஞ்சிடும். பத்தாவது நம்ம முட்டுச்சந்து. பாவம், மூலைக்குப் போயிட்டா அவனுக்குத் திரும்பத் தெரியாது. ஆனா நல்ல பையன்."

"நல்ல பையனுக்கெல்லாம் கோடு கிடையாது, சார்."

"அதுவும் சரிதான்."

தன் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் முட்டி இறுகிவிட்டது, பின்னால் பந்தாடக் கோர்ட் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்டார். படியிறங்கும்போது, "கடைன்னா முட்டிக்கு நல்லதுங்கிறா உங்க அத்தை. நின்ன எடத்துலயே நிக்கலாமாம்" என்று சிரித்தார். அடுத்த படியில் சிரிப்பு நின்றது. "இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆடணும்டா. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல."

பின்னால் வந்த நீதிபதி செருப்பு வாரைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் வணிகவியல்காரன் இரண்டு கூட்டாளிகளோடு நின்றான். மாமாவைக் கண்டதும் ஓடிவந்து படம் எடுத்துக்கொண்டான். ஐந்தாவது நிமிடம் அவன் பட்டியலில் மாமா நாலாவது இடம். அச்சில் வராத எதையும் குழாய்க் கடைக்காரர் நம்புவதில்லை என்பதுதான் கொடுமை.

"பக்கத்துக்கு மூணு பேர், சார். உங்க பக்கம் ஒரு ஆள் குறையுது, நீதிபதிய எறக்குங்க. பந்து உருண்டையா சதுரமான்னாவது அவன் தெரிஞ்சுக்கட்டும்."

"திருடிப் பாத்துட்டுத்தான் நீதிபதி தீர்ப்பு சொல்லணுமா?" என்றான் நீதிபதி. ஆனால் சொன்னது எதிரியாயிற்றே. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இறங்கினான்.

முதல் பந்து அவன் நெஞ்சில் பட்டது. இரண்டாவது பட்ட இடத்தை எழுத முடியாது.

மாமா அவன் நிமிரும்வரை பக்கத்தில் நின்றார். "தம்பி, கூடைக்கு இடது பக்கமா நில்லு. கைய வயித்துக்கு நேரா வச்சுக்கோ. பந்த நீ தேடாத, அது உன்னத் தேடிக்கிட்டு வரும்."

மூன்றாவது முறை மாமா வலது பக்கம் வந்து என்னைப் பார்த்தார். நானே நம்பிக் கையை நீட்டிவிட்டேன். பந்து நீதிபதியிடம் இருந்தது. தூங்குகிற குழந்தையை வாங்கிக்கொண்டவன் போல இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"தூக்கிப் போடேன்டா!"

போட்டான். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. அவன் திரும்பி, வேறு யாராவது போட்டார்களா என்று பார்த்தான்.

அதற்குப் பிறகு மாமா பெரும்பாலும் அவனுக்குத்தான் கொடுத்தார். எதிலும் அவசரம் இல்லை. நீதிபதி மூச்சு வாங்கி முடித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கையை வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்த பிறகே பந்து கிளம்பியது. ஜெயித்துவிட்டோம்.

தண்ணீர் குடிக்கும்போது நீதிபதி கேட்டான். "ஏன் சார் இவ்வளவு மெதுவா குடுக்கிறீங்க?"

"வாங்குறவனப் பாத்துத்தானே தம்பி குடுக்கணும். எங்க டீம்ல நாலு பேருமே கிட்டத்தட்ட உன்ன மாதிரி."

வணிகவியல்காரனுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நீதிபதி கோபப்படவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி பஸ்ஸில் மாமா கிளம்பினார். "பாத்துப் போங்க, மாமா" என்றான் நீதிபதி. நான் அவனைப் பார்த்தேன். அவன் பஸ்ஸின் நம்பர் பலகையை ஆர்வமாகப் படித்தான்.

அறைக்கு வந்ததும் முதல் கேள்வி: "நான் எத்தன போட்டேன்?"

"ஆறு."

"ஏழு. ஒண்ணு வளையத்தச் சுத்திட்டு விழுந்துச்சே, அத விட்டுட்ட."

மூன்றரை மணி. சாப்பாட்டுத் தூக்கம் கலையட்டும் என்று மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியில் முகம் கழுவப் போனேன். தொட்டிக்கு மேல் கண்ணாடி. அதில் நீதிபதியின் மேசை தெரியும். அன்றைக்கு எழுதி முடித்த கடைசிப் பட்டியலை ஒரு பக்கமும், மாமாவின் பக்கத்தை இன்னொரு பக்கமும் விரித்து வைத்திருந்தான். சாய்கோடுகளை ஒருமுறை எண்ணினான். கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினான். எப்படி எண்ணினாலும் பென்சில் பன்னிரண்டு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தில் அது தெரிந்தது.

என் முதுகைப் பார்த்தான். நான் முகத்துக்கு இன்னொரு தடவை சோப்புப் போட்டேன்.

ரப்பரை எடுத்தான். முட்டுச்சந்தை அழித்துப் பத்தில் மாமாவை எழுதினான். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். குழாய்க் கடைக்காரர் எண்ணும்போது ஒன்று தவறிவிட்டால் என்று நினைத்தானோ என்னவோ, அதையும் ஒன்பதில் இருந்தவரையும் அழித்துவிட்டு, மாமாவை ஒன்பதில் எழுதினான். கண் எரிந்தது, ஆனாலும் நான் திரும்பவில்லை. அவன் குனிந்து, ரப்பர் தூளைச் சத்தம் வராமல் ஊதினான்.