முதல் வெள்ளிக் குழம்பு

பினாங்கு ரோட்டுக்குப் பின்னால், மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில், மாடி வைத்த பழைய பங்களா ஒன்று இருந்தது. அன்னாள் இல்லம் என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் அங்கே எட்டுப் பெண்கள் தங்கி, வாத்தியாரம்மா வேலைக்குப் படித்தார்கள். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள், எல்லாரும் கத்தோலிக்கர்கள். இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் மதர் எலோடி. பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் புதுச்சேரியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்ததால் திட்டுவதெல்லாம் தமிழில்.

சமையலுக்கு ஆள் கிடையாது. இரண்டிரண்டு பேராக முறை வைத்து ஒவ்வொரு வாரம் அடுப்படிக்குப் போக வேண்டும். மற்ற வாரங்கள் எப்படியோ கழிந்துவிடும், மாதத்தின் முதல் வெள்ளி விழுகிற வாரம்தான் கஷ்டம். அன்றைக்கு விடியற்காலைப் பூசையில் எட்டுப் பேரும் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம், வாங்க வேண்டும். நன்மை வாங்குகிறவள் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறக்கக் கூடாது. பூசை முடிந்து வந்ததும் அள்ளிப் போட்டுக்கொண்டு எட்டு மணி வகுப்புக்கு ஓட வேண்டும் என்பதால், மீன் குழம்பைப் பூசைக்கு முன்னாலேயே கொதிக்கவைத்து இறக்கிவிடுவார்கள். குழம்பு இருக்கும், உப்புப் பார்க்க நாக்கு இருக்காது. இப்போது புரிகிறதா கண்ணுகளா? ஒரு மாதம் கடல் தண்ணீர், மறு மாதம் வெறும் புளித்தண்ணீர். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதையும் தவம், ஒறுத்தல் கணக்கில் சேர்த்துக்கொண்டு விழுங்குவார்கள்.

"இந்த மாசம் யார் கை?" என்று அன்னமேரி கேட்பாள். எட்டுப் பேரில் மூத்தவள், வாய்க்காரி. "முன்கூட்டியே சொல்லுங்கடி, நான் அதுக்கேத்த மாதிரி பாவம் பண்ணிட்டு வரேன்."

அந்த ஏப்ரலில் முறை செபஸ்தியம்மாளுக்கும் லூசிக்கும்.

செபஸ்தி தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா அமலம்மாள் பால்மரம் சீவுகிறவள். தொழிலாளர் லயத்தில் ஒரே அறை, அதிலும் பாதியை மாமன் குடும்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர் மிஷன் பள்ளிக்கு ஒரு வாத்தியாரம்மா வேண்டுமென்று கடிதம் வந்திருந்தது. ஜூனில் வேலை, கூடவே இரண்டு அறை வீடு. நடத்தை சுத்தமான பெண்ணாக அனுப்புங்கள் என்று அந்தப் பள்ளிச் சாமியார் கோடு போட்டு எழுதியிருந்தார். மதர் சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். செபஸ்தி பெயரைத்தான் எழுதப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், புதன்கிழமைவரைக்கும்.

புதன்கிழமை என்ன நடந்ததென்றால், துறைமுகத்துப் பக்கம் செபஸ்தி ஒரு பையனோடு நின்று பேசியதை அன்னமேரி பார்த்துவிட்டாள். பையன் பெயர் சந்திரசேகரன், தோட்டத்து ஆபீஸ் கிராணியார் மகன், துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவன். உங்க அம்மா இருக்கிற பக்கம் கூரை ஒழுகுது, அவங்களுக்கு இருமல் நிற்கலை என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். அன்னமேரி அதைச் சாப்பாட்டு மேசையில் சிரிப்புக்காகச் சொன்னாள். மதர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் ரொட்டிக்கார இப்ராஹிம் அண்ணன் பின்வாசலில் ரொட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தங்கச்சி, இன்னிக்குக் கடலா, கிணறா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். லூசி தண்ணீர் எடுக்கப் போனாள். கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் முதல் நாளே உப்புத் தடவி வைத்தது, குழம்புக்கு எவ்வளவு போடுவது என்று பிடிபடவில்லை. செபஸ்தி கரண்டியால் துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். காணாததற்கு ஒரு சிட்டிகை போட்டாள். மறுபடியும் ஒரு துளி. இப்போது சரி.

சரி என்று தலையை ஆட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

துப்பியிருந்தால் தப்பித்திருக்கலாம், விழுங்கியாகிவிட்டது. லூசி குடத்தோடு உள்ளே வந்தாள். செபஸ்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பார்த்தவர் யாருமில்லை.

கோவிலுக்கு நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு துளி. நாக்கில் இப்போது ஒன்றுமேயில்லை. எழுந்து போய் வாங்கிக்கொண்டால் பூசையோடு முடிந்தது, நாளைக்குக் கடிதம் போய்விடும், அம்மாவுக்கு ஒழுகாத கூரை. போகாவிட்டால் எட்டுப் பேரில் ஒருத்தி முழங்காலை விட்டு எழவில்லை என்பதை மதர் பார்ப்பார். நன்மை வாங்கக் கூடாத அளவுக்குச் சாவான பாவம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார், அதுவும் இந்த வாரத்தில்?

மணி அடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

அன்னமேரி அவள் கால்களைத் தாண்டிக்கொண்டு போனாள். அடுத்தவள் தாண்டினாள். லூசி தாண்டாமல் நின்று, "வாடி" என்று முழங்கையால் இடித்தாள். செபஸ்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். லூசியும் தாண்டிப் போனாள்.

திரும்பி வரும் வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மதர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாவமென்றால் சாமியாரிடம் சொல். நான் கேட்க மாட்டேன். ஆனால் நாளைக்கு உன் நடத்தைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்."

"குழம்புல உப்புப் பார்த்துட்டேன் மதர். பழக்கத்துல கை வாய்க்குப் போயிடுச்சு."

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி, பல் விளக்கும்போது தண்ணீர் விழுங்கிவிட்டேன் என்றாள். நம்பினேன். இரண்டே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவனோடு கப்பலேறினாள்." மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ உப்புப் பார்த்ததை யாராவது பார்த்தார்களா?"

"இல்லை மதர்."

"யாரும் பார்க்கவில்லையென்றால் நீ எழுந்து வந்திருக்கலாமே?"

"அது எப்படி மதர்?" என்றாள் செபஸ்தி.

மதர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

அன்னாள் இல்லத்தில் மதர் "தேவனுக்குத் தோத்திரம்" என்று சொல்கிறவரைக்கும் மேசையில் யாரும் பேசக் கூடாது. அன்று அவர் சொல்லவில்லை. லூசி குழம்பு ஊற்றிக்கொண்டே போனாள். ரொட்டியைப் பிய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. செபஸ்தி தன் தட்டைத் தொடவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் அம்மா சட்டி வைத்திருப்பாளா, பாயை நகர்த்தியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மதர் ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"அன்னமேரி, குழம்பு எப்படி?"

"நல்லா இருக்கு மதர்."

"உப்பு?"

"சரியா..." அன்னமேரியின் கை அந்தரத்தில் நின்றது. ரொட்டியிலிருந்து குழம்பு சொட்டியது. அவள் மெதுவாகத் திரும்பி செபஸ்தியைப் பார்த்தாள். மேசையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நாலு வருஷமாக அந்த வீட்டில் முதல் வெள்ளிக் குழம்புக்கு உப்பு சரியாக இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

"அடிப்பாவி!" என்றாள் அன்னமேரி. "நக்கியிருக்கா மதர், இவ நக்கியிருக்கா!"

லூசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதர் தட்டை நீட்டினார்.

"தேவனுக்குத் தோத்திரம். எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்று."

சனிக்கிழமை செபஸ்தி பெயரோடு கடிதம் போயிற்று. அன்னமேரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்த வாரம் முழுக்கச் சட்டி பானையைத் தானே தேய்த்துக் கவிழ்த்தாள், கேட்டதற்கு, "சும்மா இருடி, உங்க வீட்டு வேலையா பார்க்கிறேன்?" என்றாள்.

நாலு வாரம் கழித்து மே மாத முதல் வெள்ளியும் அதே இரண்டு பேர் தலையில்தான் வந்து விழுந்தது. அதுதான் செபஸ்திக்கு அங்கே கடைசி முறை. இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டு யோசித்து வைத்திருந்தாள். பின்வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் கரண்டியோடு ஓடினாள்.

"இப்ராஹிம் அண்ணே, ஒரு சொட்டு லா, ஒரே ஒரு சொட்டு. உப்பு மட்டும் பார்த்துச் சொல்லுங்க!"

அவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரொட்டிக் கூடையை இறக்கி வைத்தார்.

"நல்லா ஆள் பார்த்தே போ. எனக்கு நோன்பு, தங்கச்சி."

செபஸ்தி அடுப்படிக்குத் திரும்பினாள். லூசியும் அவளும் குழம்பை ஒருமுறை பார்த்தார்கள், உப்புச் சட்டியை ஒருமுறை பார்த்தார்கள். செபஸ்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டாள்.

அன்று எட்டுப் பேரும் வரிசையாக எழுந்து போய் நன்மை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து குழம்பையும் சாப்பிட்டார்கள். மதர் மட்டும் மூன்று தம்ளர் தண்ணீர் கேட்டார்.